எறும்பும் ஏடும்

திருமறையின் 27ஆம் அத்தியாயத்திற்கு 'அந்நம்லு', அதாவது எறும்பு என்று பெயர். சுலைமான் நபி (அலை) அவர்களின் படை வரக்கண்ட ஓர் எறும்பு, புற்றுக்குள் புகுந்துவிடுமாறு தன் இனத்தாரை எச்சரிக்கிறது. அப்படையினர் அறியாமலே மிதித்துவிடக்கூடும் என்கிறது. பாடநூல்களிலும் மேடைகளிலும் நாம் சந்திக்கும் எறும்போ வேறு. அது ஓயாது உழைக்கும், சேமிக்கும், பிள்ளைகளுக்குப் புத்தி புகட்டும். எழுதியவர் எறும்பை நேரில் பார்த்தாரா என்னும் ஐயமே நமக்கு எழுகிறது.

பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255இல் மறைந்த அல்ஜாஹிழ், தம் 'கிதாபுல் ஹயவா'னில், எறும்பு தானியம் சேர்ப்பதையும், அது முளைக்காதபடி பிளந்து வைப்பதையும் எழுதினார். தானியம் சேர்க்கும் எறும்பு என்பதையே பிற்கால ஐரோப்பிய அறிஞர் பலர் பழங்கதை என்று தள்ளினர். அவர்தம் குளிர்நாட்டு எறும்புகள் தானியம் சேர்ப்பதில்லை. தம் முற்றத்தையே உலகமெனக் கொண்டதுதான் அவர்கள் பிழை.

அப்பிழையைத் திருத்தியதில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. நனைந்த புல்விதைகளை எறும்புகள் வெளியே கொணர்ந்து உலர்த்துவதைப் புனாவில் சைக்ஸ் என்னும் படை அதிகாரி கண்டார். சென்னைப் படையின் மருத்துவர் ஜெர்டன் 1851இல் வெளியிட்ட தென்னிந்திய எறும்புப் பட்டியலில் விதை சேர்க்கும் இனங்களைக் குறித்தார். முளைவிட்ட விதையின் வேர்முனையை எறும்பு கடித்துவிடுவதை மாக்ரிட்ஜ் 1873இல் எழுதினார். பிளக்கும் செய்தி அவ்வாறே மெய்ப்படவில்லை எனினும், ஜாஹிழ் கூறியதன் கரு கதையன்று.

பீங்கான் நகராம் விருத்தாசலத்தில் நாம் மண்ணைப் பதம் பார்க்கக் கற்றவர்கள். மண்ணில் ஊர்வதைப் பார்க்கக் கற்றோமா? முந்திரித் தோப்பில் முசுறு எறும்பு இலைகளைத் தைத்துக் கூடு கட்டுகிறது. தைக்கும் இழை, அதன் புழுக்கள் சுரக்கும் பட்டு. முந்திரித் தளிரைக் கெடுக்கும் தேயிலைக் கொசுவையும் அது வேட்டையாடும். அது கடிக்கும் என்பது ஒன்றே நமக்குத் தெரியும்.

நூல் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. எறும்பு நூல் வாங்கித் தரும் பெற்றோர் முற்றத்தில் ஒரு பிடி நொய்யையும் தூவட்டும். ஏடு சொன்னது மெய்தானா என்று சாரையின் அருகே குந்தியிருந்து பிள்ளையே பார்க்கட்டும். சுலைமான் நபியின் படைக்கு அறியாமை என்னும் மன்னிப்பை அந்த எறும்பே அளித்தது. ஏடு படித்த நமக்கு அம்மன்னிப்பு உண்டோ?