யார் நிலத்தில் யார் காதல்?

'இதெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்குப் படிக்கிற காதல் கதை தோழர், இதுக்குப் போயி விமர்சனமா?' என்று கேட்டார் நண்பர் ஒருவர். என் மேசைமேல் கிடந்த புத்தகங்களின் அட்டைகளைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். பின்னால் புல்வெளி, நடுவில் குதிரை, முன்னால் கட்டிப்பிடித்து நிற்கும் ஆணும் பெண்ணும். லயன் காமிக்சும் முத்து காமிக்சும் படித்து வளர்ந்த நம்மில் பலருக்கு இந்தப் புல்வெளி புதிதல்ல. டெக்ஸ் வில்லரோடு சேர்ந்து நாமும் அங்கே குதிரை ஓட்டியவர்கள்தான். கதைதானே என்றுதான் ஓட்டினோம். அது யாருடைய நிலம் என்று கேட்கத் தோன்றவில்லை.

தமிழ் எம்.ஏ.வில் முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் என்று மனப்பாடம் செய்தோம். நிலம் இல்லாமல் காதல் இல்லை. அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. வகுப்பில் அந்த இடம் வேகமாகக் கடந்து போனது. காதலிக்கும் தகுதி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை இலக்கணமே வகுத்துவைத்தது. இந்த இரண்டு கேள்விகளையும், நிலம் யாருடையது, காதல் யாருக்கு என்பதை, அமெரிக்க எல்லைப்புறக் காதல் நாவல்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வகை நாவலுக்கெல்லாம் பாட்டன் என்று சொல்லத்தக்கது ஓவன் விஸ்டர் எழுதி 1902இல் வெளிவந்த 'தி வர்ஜீனியன்'. களம் வயோமிங். பெயர் சொல்லப்படாத மாடு மேய்க்கும் வீரன். கிழக்கேயிருந்து பாடம் சொல்லித்தர வந்த மோலி. இவர்கள் காதலுக்கு நடுவே ஒரு தூக்குக் கயிறு தொங்குகிறது. மாடு திருடியதாகச் சொல்லித் தன் பழைய நண்பனையே நாயகன் மரத்தில் தொங்கவிடுகிறான். மோலி அதிர்ந்துபோகிறாள். அவளைச் சமாதானப்படுத்த வருகிறார் நாயகனின் முதலாளியான நீதிபதி. தெற்கே கறுப்பர்களைக் கூட்டம் கூடி எரிப்பது காட்டுமிராண்டித்தனம், வயோமிங்கில் நாங்கள் தூக்கிலிடுவதோ நாகரிகத்தை நோக்கிய நடை என்று விளக்குகிறார். கொலையில் சாதி பிரிக்கிற இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதா என்ன? மோலி கல்யாணம் செய்துகொள்கிறாள். வாசகரும் கூடவே சம்மதிக்கிறார். காதல் கதையின் வேலை இங்கே அதுதான்: சட்டமும் அறமும் மறுக்கிற கொலைக்கு ஒரு பெண்ணின் மனதை ஒப்புக்கொள்ள வைப்பது.

நாவலுக்கு வெளியே நடந்ததைப் பாருங்கள். அதே வயோமிங்கில் 1889 ஜூலை 20ஆம் தேதி எல்லா வாட்சன் என்ற பெண்ணையும் ஜிம் ஆவரெல் என்பவரையும் பெரும் மாட்டுப் பண்ணைக்காரர்கள் ஒரே மரத்தில் தூக்கிலிட்டார்கள். 1886இலேயே திருமணப் பதிவுக்கு விண்ணப்பித்த ஜோடி அது. எல்லா 160 ஏக்கருக்கு உரிமை கோரியிருந்தாள். பண்ணைக்காரர்கள் தங்களுடையதுபோல அனுபவித்துவந்த மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே அது கிடந்தது. கொன்றபிறகு பத்திரிகைகள் அவளை மாட்டுத் திருடி என்றன, வேசி என்றன. சாட்சிகளில் சிலர் காணாமல் போனார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. 1892இல் ஜான்சன் கவுண்டியில் இதே பண்ணைக்காரர் கூட்டம் டெக்சாசிலிருந்து கூலிப்படை இறக்கிச் சிறு விவசாயிகளைக் கொன்றது. அதிலும் தண்டனை இல்லை. சொந்தமாக நிலம் கேட்ட காதலுக்குக் கயிறு. கயிறு போட்டவனின் காதலுக்குக் காவியம்!

ஆனால் எல்லாவின் 160 ஏக்கரும் வானத்திலிருந்து விழவில்லை. 1862இல் வந்த குடியிருப்பு நிலச் சட்டத்தின் அளவு அது. பழங்குடிகளிடமிருந்து பறித்த மண்ணைத்தான் அந்தச் சட்டம் பங்குபோட்டது. வெள்ளைப் பண்ணைக்காரனுக்கும் வெள்ளை ஏழைக்கும் நடந்த சண்டையிலே மண்ணுக்கு உரியவன் ஆளே இல்லாமல் போனான்.

அவனைக் காதல் நாவல் வேறு மாதிரி அழைத்து வந்தது. கேசி எட்வர்ட்ஸ் என்பவர் தலைப்புதோறும் 'காட்டுமிராண்டி' என்ற சொல்லை வைத்து வரிசையாக நாவல்கள் எழுதினார். இந்த வகையில் நாயகன் பல நேரம் பாதி வெள்ளை ரத்தம். அவன் உடம்பு வேண்டும், நீண்ட கூந்தல் வேண்டும், அட்டைப்படத்துக்கு மார்பு வேண்டும். அவன் ஒப்பந்தங்கள் வேண்டாம், அவன் நிலக்கோரிக்கை வேண்டாம்.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2021இல் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் விவியன் விருது என்று புதிதாக ஒன்றைத் தந்தது. சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விவியன் ஸ்டீபன்ஸ் என்ற கறுப்பினப் பதிப்பாசிரியரின் பெயர் அதற்கு. பழைய விருதில் கறுப்பின எழுத்தாளர் யாருக்கும் 2019 வரை பரிசே கிடைத்ததில்லை என்ற அவமானத்தையும் அதையொட்டிய சச்சரவுகளையும் கடந்து வந்த விருது. அதிலும் முதலாண்டிலேயே, ஆன்மிகப் பிரிவில் கேரன் விட்மையரின் 'அட் லவ்ஸ் கமாண்ட்' நாவலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதன் நாயகன் 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீயில் லகோட்டா மக்களைச் சுட்ட குதிரைப்படையில் ஒருவன். பெண்களும் குழந்தைகளும் செத்துக் கிடந்த பனிவெளி அது. ஒரே குழியில் 146 உடல்கள் புதைக்கப்பட்டன. அந்தப் படையாட்களில் இருபது பேர் அளவில் நாட்டின் உச்ச வீரப்பதக்கம் பெற்றார்கள். நாவலில் அவன் வருந்துகிறான், படையை விட்டு விலகுகிறான், கடவுளிடம் திரும்புகிறான், ஒரு பெண் மருத்துவரின் காதலைப் பெறுகிறான். எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே சங்கம் விருதைத் திரும்பப் பெற்றது.

கொலை செய்தவன் மனம் திருந்தக் கூடாதா என்று கேட்பார்கள். திருந்தட்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்டான் என்பதுதான் கேள்வி. லகோட்டாப் பெண் ஒருத்தியிடம் கேட்டானா? செத்தவர்கள் அவன் மனசாட்சிக்குத் தூண்டுகோலாக வந்துவிட்டுப் போகிறார்கள். குற்றம் செய்தவனின் கண்ணீரையே கதை ஆக்குகிற இந்தக் கதையாடலை எங்கேயும் சந்தேகப்படத்தான் வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பெவர்லி ஜென்கின்ஸ் இருக்கிறார். டெட்ராய்ட் நகரக் கறுப்பினப் பெண். நூலகத்தில் வேலை பார்த்தவர். 1994இல் வந்த அவரது 'நைட் சாங்' கான்சாசில் ஒரு கறுப்பர் ஊரில் நடக்கிறது. பள்ளி ஆசிரியை காரா லீ. பத்தாம் குதிரைப்படையின் கறுப்புச் சிப்பாய் சேஸ். அடிமைத்தனம் முடிந்து தெற்கேயிருந்து தப்பி வந்த சனங்கள் கட்டிய ஊர். 1877இல் உருவான நிக்கோடிமஸ் போன்ற ஊர்கள் நிஜத்தில் இருந்தன. நாவலுக்குப் பின்னால் படிக்கவேண்டிய வரலாற்று நூல்களின் பட்டியல் கொடுப்பது ஜென்கின்சின் வழக்கம். காதல் நாவலுக்கு நூற்பட்டியலா என்று சிரிக்கலாம். எங்கள் சனமும் காதலித்தது, ஊர் கட்டியது, பள்ளிக்கூடம் வைத்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்தவர் ஆதாரத்தோடுதான் எழுதியாக வேண்டும். ஐந்திணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே நுழைகிற காட்சி இது. படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். சேசின் பத்தாம் குதிரைப்படை அப்பாச்சிகளுக்கும் செயன்களுக்கும் எதிராக அனுப்பப்பட்ட படை. அந்த ஊர் நின்ற மண்ணும் பழங்குடி மண்தான். ஒடுக்கப்பட்டவன் கையில் துப்பாக்கி கொடுத்து இன்னொரு ஒடுக்கப்பட்டவனைச் சுடச் சொல்வது ஆதிக்கத்தின் பழைய தந்திரம். நம் விடுதலையின் காதல் கதை இன்னொருவர் பறிகொடுத்த நிலத்தில் நடந்தால் என்ன செய்வது?

நிக்கோடிமஸ் சனங்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த ஒரு செய்தி உண்டு. முதல் குளிர்காலத்தில், தரையைத் தோண்டிக் குழிவீட்டில் பட்டினியோடு கிடந்தபோது, வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் மக்கள் தங்கள் உணவைப் பகிர்ந்தார்களாம். நிலத்தை இழந்தவர்கள், நிலமே இல்லாதிருந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். அந்தப் பனியில், அந்தக் குழிவீட்டு வாசலில் தொடங்குகிற ஒரு காதல் கதையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அந்த நண்பருக்குத்தான் முதலில் கொடுப்பேன்.