சோடாவின் பொறுமை

ஆரணிப் பட்டுக்குச் சாயம் ஏற்றும் முன், கச்சா இழையைச் சோப்பும் சோடாவும் கலந்த சுடுநீரில் வேகவைக்கிறார்கள். எடையில் ஏறக்குறையக் கால் பங்கான செரிசின் பசை கரைந்துபோக, பளபளப்போடு இழை மட்டும் மிஞ்சுகிறது. வேண்டாததை மட்டும் எடுக்கும் இந்த நயத்துக்காகவே, துருப்பிடித்த டிவிஎஸ் 50-இன் இரும்பு மட்கார்டுக்கும் சலவைச் சோடாவையே சொல்வேன். பிளாஸ்டிக் தொட்டியில் சோடாத் தண்ணீர். பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைப் பாகத்திலும், நேர்முனையைப் பழைய இரும்புத் துண்டிலும் கவ்வவிட்டால், ஓரிரவில் துரு இளகிவிடும். பழைய பெயின்ட்டும் பல இடங்களில் தோலாக உரியும்.

ஆசிட் இதைவிட வேகம் என்பார்கள். உண்மைதான், ஆனால் துருவைத் தின்றபின் அது நல்ல இரும்பையும் தின்னும். உப்புத்தாளோ இடுக்குகளுக்குள் நுழையாது. சோடாவுக்கும் எல்லை உண்டு: அலுமினியத்தை அரித்துவிடும், எவர்சில்வரை நேர்முனையில் வைத்தால் தண்ணீரில் நச்சுக் குரோமியம் கலக்கும், ஹைட்ரஜன் எழுவதால் காற்றோட்டமான இடம் வேண்டும். கழுவிய தகட்டை உடனே உலர்த்திப் பிரைமர் பூசாவிட்டால், சில மணி நேரத்திலேயே மறுபடி செம்மை படரத் தொடங்கும்.