இராமானுஜத்தின் கனவுப் பட்டணம்

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கூடத்தில், நண்பர் சென்னையிலிருந்து கொணர்ந்த சித்திரப் புத்தகத்தைப் பிரித்து, கே. இராமானுஜத்தின் கோட்டோவியங்களில் நான் மெய்மறந்திருக்கையில், பேத்தி வந்து என் தோளில் சாய்ந்தாள். கே.சி.எஸ். பணிக்கரின் மாணாக்கராய்ச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்து, இளமையிலேயே 1973இல் மறைந்த அக்கலைஞர், பேனாவும் மசியும் கொண்டு மயிரிழைக் கோடுகளை நெய்து எழுப்பிய கோபுரங்களினூடே, இறகு முளைத்த பிராணிகளும் சர்ப்பங்களும் உலவ, தொப்பியணிந்த சிறு மனிதர், அவரேதான், அச்சமின்றி வீற்றிருக்கிறார். ஸர்ரியலிஸம் என்று பண்டிதர் வகுக்கட்டும். எனக்கு இது பால்யத்தின் ஸ்வப்னலோகம், ஆயினும் ஒரு கோடேனும் அலட்சியமாய் விழாத லோகம்.

"தாத்தா, இந்தப் பாம்பு கடிக்காது, இது படிக்கட்டு" என்றாள் குழந்தை. நெடுநேரம் பார்த்தும் எனக்குத் தென்படாத அப்படிகளில், அவள் விரல் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது.