பெரும்பாடு என்றொரு சொல்

“அந்த வேலையை முடிக்கிறதுக்குள்ள பெரும்பாடாயிடுச்சு” என்று அடிக்கடி சொல்கிறோம். அது ஒரு நோயின் பெயரும்கூட. மாதவிலக்கில் அளவுக்கு மீறி ரத்தம் போவதைச் சித்த மருத்துவம் பெரும்பாடு என்கிறது. பேச்சில் அந்தப் பொருள் ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. பழைய தமிழ் பைபிளைப் புரட்டுகிறவர்களுக்கு மட்டும் இன்னும் கண்ணில் படும்.

மாற்கு சுவிசேஷம், 5ஆம் அதிகாரம். 12 வருஷமாகப் பெரும்பாடுள்ள ஒரு பெண் கூட்டத்துக்குள் புகுந்து, பின்னால் வந்து, இயேசுவின் உடையைத் தொடுகிறாள். மதத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சிறுகதையாக வாசித்தால், எழுதியவர் லேசுப்பட்டவர் இல்லை. இது இன்னொரு கதையின் நடுவில் செருகப்பட்ட கதை. அங்கே யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள். அவளுக்கு வயது 12. அந்தச் சிறுமி பிறந்த காலத்திலிருந்து இவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. சிறுமியோ வயசுக்கு வரப்போகிற பருவத்தில். இந்த ரெண்டு பன்னிரண்டுகளுக்கும் மாற்கு ஒரு வரி விளக்கம்கூடத் தருவதில்லை. பல வைத்தியர்களிடம் போய், கையிலிருந்ததெல்லாம் கரைந்து, முன்னைவிட மோசமானாள் என்கிறார். மரபு மருத்துவர் என்று சொல்லும் லூக்கா, இதே கதையில் ‘மோசமானாள்’ என்பதை விட்டுவிடுகிறார். தொழில் பாசம் போல!

கடைசியில் அவள் எல்லாவற்றையும் சொன்னதாக வருகிறது. ஆனா என்ன சொன்னாள்? அது மட்டும் கதையில் இல்லை.

லேவியராகமம் 15ஆம் அதிகாரம் மாதவிலக்கையும் இதையும் பிரித்தே பேசுகிறது: உரிய காலமில்லாமல் பல நாள் போனாலோ, வழக்கமான நாள் தாண்டி நீடித்தாலோ அது வேறு. இன்றைய மருத்துவரும் முதலில் இதைத்தான் கேட்பார். சர்வதேச மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பின் அளவுகோலில் சுற்று 24 முதல் 38 நாள். ரத்தம் 8 நாளைத் தாண்டக் கூடாது. அங்கே நாள் எண்ணியது விலக்கி வைக்க, இங்கே எண்ணுவது காரணம் தேட. கருப்பைக் கட்டியா, சதை வளர்ச்சியா, ஹார்மோனா, ரத்தம் உறைவதில் கோளாறா, புற்றுநோயா.

நம்ம இலக்கியத்துக்கு வருவோம். விலக்கான பெண்கள் முருகன் கோயில் பாத்திரத்தைத் தொடாமல் ஒதுங்கி நிற்பது புறநானூற்றிலேயே (299) உவமையாக வந்துவிட்டது. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ முதல் ரத்தத்தின் கதை. ‘காட்டில் ஒரு மான்’ கதையின் தங்கம் அத்தைக்கு அது வரவே இல்லை. ரெண்டும் நல்ல கதைகள். நிற்காத ரத்தத்துக்கு அப்படியொரு கதை என் வாசிப்பில் அகப்படவில்லை. உடலை எழுதிய கவிதைகளில் ரத்தம் பெரும்பாலும் படிமம். படிமத்துக்கு நாள் கணக்கு கிடையாது. பொறியாளர் புத்தி, ஒரு குழாய் ஒழுகினால்கூட எப்போதிலிருந்து, எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதுகிறோம்.

தேக்காவுக்கு எதிரே இருந்த பழைய கேகே மருத்துவமனையில் 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன, கின்னஸ் சாதனை. நான் வாசித்த சிங்கப்பூர்க் கதைகளிலும் கேகே என்றால் பிரசவம்தான். வேறெதற்கும் யாரும் அங்கே போவதில்லை. பேச்சிலோ ‘மென்சஸ்’ என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு துளி பட்டாலும் அது மென்சஸ் இல்லை. பத்தில் ஒருவருக்குப் போல அது கருப்பைப் புற்றுநோயாக இருக்கிறது. சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் குணமாகிறது. “திரும்ப வயசுக்கு வந்துட்டேன் போல” என்று சிரிக்கிற பாட்டியை வைத்து யாராவது கதை எழுதினால், அந்தச் சிரிப்பில் எவ்வளவு இருக்கிறது!

மாற்கு விட்டுவிட்ட பேச்சை ஒரு தமிழ்ப் பாத்திரம் பேசினால் இப்படி இருக்கலாம்: “மூணு மாசமா இப்படித்தான் டாக்டர். பத்து நாள் போவுது, அஞ்சு நாள் நிக்குது, திரும்பப் போவுது. நேத்து ஒரு மணிநேரத்துக்கு ஒரு பேட். கட்டி கட்டியா வருது. வீட்டுக்காரரோட இருந்தா அதுக்கப்புறமும் படுது. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. யார்கிட்டயும் சொல்லல.”