திரையில் பிறழும் கணிதக் குறியீடுகள்: தோற்றப் பிழையும் பொருட்பிழையும்

முன்னுரை

அச்சுக்கோத்த கணிதக் கோவை திரையில் சிதைந்து தோன்றுவது பெரும்பாலும் தோற்றப் பிழையாகவே கருதப்படுகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் சரியாகிவிடும் என்பதே அதற்குக் கூறப்படும் வழக்கமான விடை. கணித மொழியின் இயல்பை நோக்கின் இவ்விடை போதாது. திரைப் பிறழ்வுகளைக் கண்ணை உறுத்தும் அளவைக் கொண்டன்றி, பொருளை மாற்றும் அளவைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

மறையும் குறிகள்

இயல்மொழியில் ஓரெழுத்துச் சிதைந்தாலும் சூழல் துணைசெய்யும். எழுத்துருக் கோளாறால் 'கோயில்' என்னும் சொல்லில் கொம்பும் காலும் பிரிந்து நின்றாலும் தமிழ் வாசகர் அதனைக் கோயில் என்றே படிப்பர். கணிதக் கோவையில் அத்துணை குறைவு. 10⁻³ என்பதில் கழித்தல் குறி மறைந்தால் 10³ எஞ்சும். மதிப்பு பத்து லட்சம் மடங்காகும். எஞ்சிய வடிவமும் முறையான கோவையே ஆதலின் ஐயம் எழ இடமில்லை.

இது வெறும் கற்பனையன்று. டொனால்டு குனூத் உருவாக்கிய டெக் அமைப்பின் கம்ப்யூட்டர் மாடர்ன் குறியீட்டு எழுத்துருவில் கழித்தல் குறிக்கு உரிய இட எண் 0. ஆஸ்கி முறையிலோ 0 முதல் 31 வரையிலான எண்கள் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு உரியவை. அதனால் அவ்விடங்களில் உள்ள வடிவங்களைச் சில மென்பொருள்கள் காட்டாது விட்டன. இதனைத் தவிர்க்கவே, பின்னர் வந்த சில எழுத்துருக் கோப்புகளில் அவ்வடிவங்களின் படிகள் உயர்ந்த எண்களிலும் வைக்கப்பட்டன.

பின்னக்கோட்டின் நிலையும் இதுவே. டெக்கில் அதன் இயல்பான தடிமன் 0.4 பாயிண்ட். அங்குலத்திற்கு 96 பிக்சல் கொண்ட திரையில், இயல்பளவில் காட்டும்போது, இது ஏறத்தாழ 0.53 பிக்சல் ஆகிறது. பிக்சலில் பாதியை மட்டும் வரைய இயலாமையால் மென்பொருள் அதனை முழுமையாக்கும், சாம்பல் நிறத்தில் மங்கச் செய்யும் அல்லது விட்டுவிடும். அடைப்புக்குறிக்குள் மேலும் கீழுமாக நிற்கும் 4, 2 ஆகியவற்றின் இடையே கோடு இருப்பின் மதிப்பு 2. கோடு மறைந்தால் அதுவே ஈருறுப்புக் கெழுவாகி மதிப்பு 6 ஆகும்.

உறுத்தும் குறிகள்

இதற்கு மாறான பிறழ்வுகளும் உள. யூனிகோடு 2001இல் தன் 3.1 பதிப்பில் கணித எழுத்துகளுக்குத் தனித் தொகுதி வழங்கியது. அதன் சாய்வெழுத்து வரிசையில் சிறிய 'எச்' எழுத்தின் இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. பிளாங்க் மாறிலிக்கென முன்பே இருந்த குறியே அவ்விடத்தை நிறைவு செய்கிறது. எழுத்துரு ஒன்றில் அக்குறி இல்லையெனில் வேறோர் எழுத்துருவிலிருந்து வந்த 'எச்' வரியில் ஒட்டாது நிற்கும். எந்த எழுத்துருவிலும் இல்லையெனில் வெற்றுக்கட்டம் தோன்றும். முன்னது அழகைக் கெடுப்பினும் பொருளைக் கெடுப்பதில்லை. பின்னது தன் குறையைத் தானே அறிவிக்கிறது. உறுத்தும் பிழை புகாருக்கு உள்ளாகித் திருத்தம் பெறும். உறுத்தாது பொருளை மாற்றும் பிழை புகாரின்றியே நிலைத்துவிடும்.

அறிந்த வாசகர் இக்குறையைச் சூழலால் உணர்வர் என்பர் சிலர். நிறுவலை முன்பே அறிந்தவர்க்கு அது பொருந்தும். அதனைக் கற்கவே வந்த மாணவர்க்குப் பொருந்தாது. அவர் தம் அறிவின்மீதே ஐயம் கொள்வர், திரையை ஐயுறார்.

கட்டமைப்பின் எல்லை

1998இல் உலகளாவிய வலை இணையம் பரிந்துரைத்த மேத்எம்எல் கோவையின் கட்டமைப்பையே குறிக்கிறது. குரோம் உலாவி 2013இல் அதன் ஆதரவை நீக்கி, 2023இல் மீண்டும் ஏற்றது. இம்முறையில் குறி திரையில் மறைந்தாலும் மூலத்தில் எஞ்சும். திரைபடிப்பான் அதனை ஒலிக்க இயலும். எனினும் கண்ணால் படிப்பவர் காண்பது வரையப்பட்ட வடிவத்தையே. கட்டமைப்புச் செம்மை மட்டும் வடிவச் செம்மைக்கு உறுதி அளிப்பதில்லை.

முடிவுரை

திரைக் கணிதத்திற்கு இரு நெறிகள் இன்றியமையாதன. வரைய இயலாத குறியின் இடத்தில் கட்டமேனும் தோன்ற வேண்டும். பொருள் தாங்கும் கோடு எந்த அளவிலும் ஒரு பிக்சலுக்குக் குறையக் கூடாது. அழகு குன்றினும் இவை பொருளைக் காக்கும். கணிதத்தில் காணாமற்போன குறியைவிடக் காணக்கூடிய பிழையே மேலானது.