விடுதலை எங்கே?

ராபின் ஸ்டைன்பெர்க் 1997-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தொடங்கிய, ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் 'பிராங்க்ஸ் டிஃபெண்டர்ஸ்' அமைப்பைக் கொண்டாடுகிறவர்கள் 2019-இல் ஹார்வர்ட் லா ரிவ்யூவில் வந்த ஆய்வை உடனே எடுத்து நீட்டுகிறார்கள். பத்தாண்டுக் காலத்தின் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வழக்குகளை அலசிய ஆய்வு அது. அதே நீதிமன்றத்தின் மற்ற இலவச வக்கீல்களோடு ஒப்பிட்டால், சிறைத் தண்டனைக்கான வாய்ப்பு 16 சதவீதமும் தண்டனைக் காலம் 24 சதவீதமும் குறைந்திருக்கின்றன. பெரிய சாதனைதான். வாடகை வீடு என்னாகும், பிள்ளை யாரிடம் இருக்கிறது, குடியேற்ற அதிகாரிகள் வருவார்களா என்று கட்சிக்காரரைக் கேட்டு, சமூகப் பணியாளரையும் உடன் உட்காரவைத்த அந்த அமைப்பின் முறைக்குக் கிடைத்த பலன் அது.

ஆனால் அந்த ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: குற்றவாளி என்று தீர்ப்பாகும் விகிதத்தில் மாற்றமே இல்லை. இதை எப்படிச் சிறு குறை என்று தள்ளுவது? வேலைக்கான உரிமம் பறிபோவதும் நாடு கடத்தப்படுவதும் பெரும்பாலும் அந்தத் தீர்ப்பால்தானே!

கட்சிக்காரரின் விருப்பமே முதன்மை என்கிறார்கள் இந்த முறையைக் கொண்டாடுகிறவர்கள். அந்த விருப்பம் எங்கே பிறக்கிறது? ஜாமீன் கட்டப் பணமில்லாமல் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் கிடப்பவரிடம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றே வீடு, மறுத்தால் உள்ளேயே இரு என்கிறது அரசுத் தரப்பு. 2010-இல் பை திருடியதாகப் பிடிபட்ட 16 வயது கலீஃப் பிரவுடர் மறுத்தார். விசாரணையே நடக்காமல் மூன்றாண்டு ரைக்கர்ஸில், அதில் ஏறக்குறைய இரண்டாண்டு தனிமைச் சிறையில் இருந்தார். 2013-இல் வழக்கு தள்ளுபடியானது. 2015-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்காக வாதாடியது இந்த அமைப்பு அல்ல. ஆனால் அதே பிராங்க்ஸ் நீதிமன்றம். மறுப்புக்கு இதுதான் விலை என்றால், ஒப்புதலை விருப்பம் என்று எழுதிக்கொள்ள வக்கீலுக்கு மனம் எப்படி வருகிறது?

மாநில நீதிமன்றங்களின் குற்றத் தீர்ப்புகளில் 94 சதவீதம் ஒப்புதலால் வருபவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2012-இல் குறிப்பிட்டது. நல்ல பேரம் முடித்துத் தருவது கருணை, வாதாட்டம் ஆகாது. கைது செய்த போலீஸ்காரரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யாதவரை, அவர் எழுதிய சில வரிப் புகாரே உண்மையாக நின்றுவிடுகிறது.

ஸ்டைன்பெர்க் ஜாமீன் நிதிகள் தொடங்கினார். வழக்குகள் இழுத்தடிக்கப்படுவதை எதிர்த்து 2016-இல் பிராங்க்ஸ் டிஃபெண்டர்ஸே நீதிமன்றம் போனது. அதுதான் சரியான திசை. இனி வரும் நன்கொடை முதலில் சம்பவ இடத்துக்குப் போய்ச் சாட்சி தேடும் புலனாய்வாளருக்கும், விசாரணைக்கென்றே தயாராகும் வக்கீலுக்கும் போகட்டும். சமூகப் பணியாளர் அதன் பிறகு வரட்டும்.