நாடற்றவரா, நாடு மறுக்கப்பட்டவரா?

சொல்லாராய்ச்சி நம் புலவர்க்குப் புதிதன்று. காவியத்தில் ஒரு சொல்லுக்கு நான்கு உரை காண்பர். உரைக்கு உரை காண்பர். ஆனால் அரசாங்கத் தாளில் அச்சேறிய சொல்லை ஆராய்வோர் எத்தனை பேர்? காவியச் சொல்லின் பொருள் மாறினால் மண்டபத்தில் பூசல் எழும், அவ்வளவே. சட்டச் சொல்லின் பொருள் மாறினாலோ குடும்பம் குடும்பமாய் மக்கள் கப்பலேற நேரிடும். ஆகவே மூன்று சொற்களைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வோம்: நாடற்றவர், தாயகம் திரும்பியோர், சட்டவிரோதக் குடியேறி.

அதற்குமுன் நம் கண்ணெதிரே நிற்கும் மலையைப் பார்ப்போம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள். பேசுவது தமிழ், காஞ்சியிலிருந்து வந்தவர் தம் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று மயங்குவோர் இன்றும் உண்டு. மலையை ஆள்பவர் என்பதன்றோ அப்பெயரின் பொருள்! பெயரில் ஆட்சி, வாழ்விலோ அடிமை. 1950இல் அரசியல் சட்டம் வந்தது. மலையிலே சாகீர்தார்களின் பிடி 1976 வரை நீடித்தது. வரியும் அவர்களுக்கு, கூலியில்லா உழைப்பும் அவர்களுக்கு! குடியுரிமைக்கு விண்ணப்பம் எழுதவேண்டிய தேவை இம்மக்களுக்கு இல்லை. குடிமக்கள் என்று தாள் சொல்லிற்று. இருபத்தாறு ஆண்டுகளாக அந்தத் தாளின் பயன்தான் மலையேறவில்லை.

கடலுக்கப்பால் இலங்கை மலையகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே தமிழனின் உழைப்பு மலையேறிற்று, தாள்தான் வரவில்லை. திருச்சி, சேலம், ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள் காட்டை அழித்தனர், காப்பி நட்டனர், பின்பு தேயிலை நட்டனர். 1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கவேண்டும் என்றது சட்டம். பாட்டன் பிறந்த லயத்திலே பதிவேடு ஏது? துரையின் செக்ரோலில் நாட்கூலிக்கு இடமிருந்தது. பிள்ளையின் பிறப்புக்கு இடமிருந்ததா? கணக்கை எழுதும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, எழுதப்படாதவனைப் பார்த்துக் கணக்குக் காட்டு என்பது என்ன நீதி?

1949இல் இன்னொரு சட்டம், விண்ணப்பத்துக்கு வழி திறந்தது. வழியா அது, வடிகட்டியா? 1946ஆம் ஆண்டு தொடங்குமுன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. உரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர். 1947இல் தலவாக்கலை மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. அவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் வாக்கே பின்பு பறிக்கப்பட்டது. 'நாடற்றவர் கதை' என்பது அவர் எழுதிய நூலின் பெயர்.

நாடற்றவர்! கண்ணற்றவர், காலற்றவர் என்பதுபோல, பிறவிக் குறை எனத் தொனிக்கிறது அச்சொல். குறை அவர்களுடையதா? பறித்த கையை மறைத்துவிட்டுப் பறிகொடுத்தவனுக்குப் பெயர் சூட்டும் சொல் அது. நாடு மறுக்கப்பட்டவர் என்று எழுதுங்கள். மறுத்தவர் யார் என்ற கேள்வி உடனே எழும். அக்கேள்விக்கு அஞ்சித்தான் போலும், முன்னைய சொல் நிலைத்தது!

இரண்டாம் சொல்லுக்கு வருவோம். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தனர். மூட்டையையா பிரித்தார்கள்? மனிதரை! தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவரைத் 'தாயகம் திரும்பியோர்' என்றோம். கண்டியில் பிறந்து கண்டியில் வளர்ந்த பெண் எங்கிருந்து எங்கே திரும்பினாள்? அவளுக்கு இது புதிய நாடு. நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் அமைத்து வேலை தந்தது உண்மை. அங்கே அவளுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரி'. அங்கே இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி!

மூன்றாம் சொல் இந்தியச் சட்டத்தினுடையது. 1983க்குப் பின் உயிர்தப்பிப் படகேறி வந்தவர், கடவுச்சீட்டு இல்லாமையால் 'சட்டவிரோதக் குடியேறி' ஆயினர். எரியும் வீட்டிலிருந்து ஓடுபவன் பெட்டியைத் திறந்து பத்திரம் தேடுவானா? 1987 சூலை 1க்கு முன் முகாமில் பிறந்த அக்காள் பிறப்பால் குடிமகள். அந்நாளுக்குப் பின் அதே முகாமில் பிறந்த தம்பிக்கு அந்த உரிமை இல்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அடுத்த மாதமே குடியுரிமைத் திருத்தம் நிறைவேறிற்று. மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தார்க்கு அது கதவு திறந்தது. அம்மூன்றில் இலங்கை இல்லை. முகமதியர் அந்த ஆறில் இல்லை. துன்பத்தை அளக்கச் சமயத்தையும் எல்லையையும் கோலாகக் கொண்ட சட்டத்தைப் பகுத்தறிவு எப்படி ஏற்கும்?

எந்த அரசும் சான்று கேட்காமல் இருக்கமுடியுமா என்று வினவுவோர் உண்டு. அதற்கு விடை இலங்கையே தந்தது. 1964 உடன்படிக்கை நாள் முதல் அங்கே வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும், 2003இல் ஒரே சட்டத்தால் குடியுரிமை வழங்கிற்று. ஐம்பத்தைந்து ஆண்டு கேட்ட சான்றெல்லாம் எங்கே போயிற்று? தேவையாயிருந்தது சான்றன்று, மனம்!

நம் இலக்கியத்துக்கும் இதில் பங்குண்டு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இலேயே தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைக் காட்டிற்று. மருதிக்காக இரங்கிய வாசகர் பலர். மருதியின் பேத்தி நிரப்பவேண்டிய படிவத்தைப் படித்தவர் சிலரே. கண்ணீர் எளிது, படிவம் கடினம்.

இளைஞர்களே! கதையைப் படிக்கும் கூர்மையோடு சட்டத்தையும் படியுங்கள். முகாமிலிருப்பவரோடு அமர்ந்து விண்ணப்பத்தின் ஒவ்வொரு வினாவையும் பாருங்கள்; கல்வராயன் மலையில் சாதிச் சான்றுக்கு அலைபவரோடு அலுவலகம் வரை நடங்கள். மண்ணுக்கு உழைத்தவன் மண்ணிடம் மனுப்போடும் நிலை எத்தனை தலைமுறைக்கு? அதைக் கேட்கும் திறனாய்வே இன்று வேண்டுவது.